ஹீட்டருக்கு டைமர்: மிச்சம் எங்கிருந்து வருகிறது?

தொட்டி வைத்த மின்சார ஹீட்டர் இருக்கும் வீடுகளில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி, "அணைத்து அணைத்துப் போட்டால் ஆறிப்போன தண்ணீரை மறுபடி முதலிலிருந்து சூடாக்க வேண்டும், அதற்குத்தான் கரண்ட் அதிகம் போகும், அப்படியே ஓடட்டும் விடு" என்று சொல்லும். இன்னொரு கட்சி, "யாரும் குளிக்காத நேரத்தில் அது எதற்கு ஓட வேண்டும், ஒரு டைமர் வாங்கிப் போட்டால் பில் பாதியாகிவிடும்" என்று சொல்லும். முதல் கட்சி சொல்வது தவறு. இரண்டாவது கட்சி சொல்வது பாதி சரி. டைமர் மாட்டிவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் பில்லைப் பார்த்து ஒன்றுமே குறையவில்லையே என்று நொந்துகொள்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்சிக்காரர்கள்தான். டைமர் கெட்டுப்போனதால் அப்படி ஆவதில்லை. மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாமல் நேரத்தை வைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 1.163 வாட்-மணி மின்சாரம் வேண்டும். எந்தக் கம்பெனி ஹீட்டராக இருந்தாலும், எத்தனை நட்சத்திரம் ஒட்டியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில் (coil), தண்ணீருக்குள் முங்கியே இருப்பதால் அது வாங்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் சூடாகத் தண்ணீருக்குள் போய்விடுகிறது. 100 லிட்டர் தொட்டி, உள்ளே வரும் தண்ணீர் 25 டிகிரி, குறித்த சூடு வந்ததும் தானே கட்டாகும் தெர்மோஸ்டாட் 60-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 35 டிகிரி ஏற்ற வேண்டும், ஏறக்குறைய 4 யூனிட் ஆகும் (ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி). காயில் 2 கிலோவாட் என்றால் இரண்டு மணி நேரம் ஓடும். இந்த 4 யூனிட்டில் டைமரால் கை வைக்கவே முடியாது. நீங்கள் உடம்பில் ஊற்றிக்கொள்ளும் சூட்டின் விலை அது. அதைக் குறைக்க வேண்டுமானால் வெந்நீரைக் குறைவாக எடுக்க வேண்டும், வேறு வழி கிடையாது.

டைமரால் கை வைக்க முடிந்தது இன்னொரு செலவில். சூடான தொட்டி சும்மா நிற்கும்போதே சுவர் வழியாக, குழாய் வழியாக, சூடு கசிந்துகொண்டே இருக்கும். உள்ளே ஃபோம் அடைத்திருந்தாலும் கசிவு மெதுவாகுமே தவிர நிற்காது. நமது 100 லிட்டர் தொட்டி நாள் முழுக்க 60 டிகிரியில் நின்றால் 1.4 யூனிட் இப்படிப் போகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். சுமாராக 58 வாட். ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பை யாரும் இல்லாத அறையில் இராப்பகலாக எரியவிட்டது மாதிரி. தொட்டி பழசாக இருந்தால், வெட்டவெளியில் காற்றடிக்கிற இடத்தில் இருந்தால் இதைவிட அதிகம் போகும்.

இந்தக் கசிவுக்கு ஒரு குணம் இருக்கிறது, முதல் கட்சிக்காரர்களின் வாதம் அங்கேதான் உடைகிறது. அடியில் ஓட்டை விழுந்த குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குடம் நிறைந்திருக்கும்போது தண்ணீர் வேகமாகப் பீச்சும், பாதியாகும்போது மெதுவாக ஒழுகும், அடியில் கொஞ்சம் கிடக்கும்போது சொட்டு சொட்டாக விழும். சாயங்காலம் குடம் நிறைந்திருக்க வேண்டும் என்றால், காலையிலிருந்தே ஒழுக ஒழுக ஊற்றிக்கொண்டே இருப்பதா, இல்லை ஒழுகட்டும் என்று விட்டுவிட்டு சாயங்காலம் ஒரேயடியாக நிரப்புவதா? ஒரேயடியாக நிரப்புவதில்தான் மொத்தத் தண்ணீர் குறைவாகச் செலவாகும். சூடும் அப்படியே. உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் எத்தனை டிகிரி வித்தியாசமோ அதற்குத் தகுந்த வேகத்தில்தான் கசியும். ஆற ஆறக் கசிவு குறையும். அதனால் அணைத்து வைத்துப் பிறகு சூடாக்குவதில் மொத்தச் செலவு எப்போதும் குறையுமே தவிர ஏறாது. காயில் தொடர்ச்சியாக இரண்டு மணி நேரம் ஓடுவதைப் பார்த்து அதிகம் இழுக்கிறது என்று தோன்றும், ஆனால் விட்டு விட்டுப் பத்துப் பத்து நிமிடமாக ஓடியதைக் கூட்டிப் பார்த்தால் அதுதான் அதிகம் என்று தெரியும்.

சரி, அப்படியானால் ராத்திரி எட்டு மணி நேரம் அணைத்து வைத்தால் மிச்சம்தானே? இங்கேதான் இரண்டாவது கட்சி ஏமாறுகிறது. தொட்டி நிறைய 60 டிகிரி வெந்நீரை வைத்துக்கொண்டு ராத்திரி அணைக்கிறீர்கள். நமது தொட்டி எட்டு மணி நேரத்தில் 60-இலிருந்து 56 டிகிரிக்கு இறங்கும், நாலு டிகிரிகூட முழுதாக இறங்காது. அந்த எட்டு மணி நேரமும் தண்ணீர் சூடாகவே இருந்தது, கசிவும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் நடந்தது. ஆனில் விட்டிருந்தால் 467 வாட்-மணி போயிருக்கும், அணைத்ததால் 440 போனது, காலையில் அந்த 440-ஐக் காயில் திரும்பக் கொடுத்துவிடும். மிச்சம் 27 வாட்-மணி, ஒரு 9 வாட் எல்இடி பல்பு மூன்று மணி நேரம் எரிகிற அளவு. நல்ல ஃபோம் உள்ள தொட்டியில் இந்த மிச்சம் இன்னும் சுருங்கும். ஹீட்டர் எத்தனை மணி நேரம் ஆஃபில் இருந்தது என்பதை வைத்து மிச்சத்தைக் கணக்குப் போடவே கூடாது. தண்ணீர் எத்தனை மணி நேரம் ஆறிக் கிடந்தது என்பதுதான் கணக்கு.

அதே தொட்டியை வேறு மாதிரி ஓட்டிப் பாருங்கள். வீட்டில் எல்லாரும் காலை 6-லிருந்து 7-க்குள் குளித்துவிடுகிறார்கள், வெந்நீர் முழுக்கத் தீர்ந்துவிடுகிறது, மறுநாள் காலைவரை யாருக்கும் வெந்நீர் வேண்டாம். டைமர் இல்லையென்றால் ஹீட்டர் என்ன செய்யும்? குளிக்கக் குளிக்க உள்ளே வந்த பச்சைத் தண்ணீரை 9 மணிக்குள் 60-க்கு ஏற்றிவிடும், பிறகு மறுநாள் 6 மணிவரை 21 மணி நேரம் அதைச் சூடு குறையாமல் காவல் காக்கும். அந்தக் காவலுக்கு மட்டும் 1.2 யூனிட். டைமர் போட்டு அதிகாலை 3:45-க்கு ஆன், 6 மணிக்கு ஆஃப் என்று வைத்தால் தொட்டி நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீரோடு கிடக்கும், வெளியே கசிய அதனிடம் சூடே இருக்காது. ஒரு நாளைக்கு 1.1 யூனிட் மிச்சமானால் வருஷத்துக்கு 400 யூனிட். அதே டைமர், அதே தொட்டி, அதே குளியல்தான். நேரத்தை வைத்த விதம்தான் வேறு.

இதில் ஆஃப் ஆகும் நேரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. குளித்து முடித்த பிறகு அணைத்துக்கொள்ளலாம் என்று 7:30-க்கு ஆஃப் வைப்பார்கள். அப்படி வைத்தால் பாதி மிச்சம் போச்சு. தொட்டிக்குள் வெந்நீர் மேலே மிதக்கும், பச்சைத் தண்ணீர் அடியில் நுழையும், தெர்மோஸ்டாட்டும் பெரும்பாலும் அடிப்பக்கம்தான் இருக்கும். முதல் ஆள் குளித்து முப்பது லிட்டர் எடுத்ததுமே அடியில் குளிர்ச்சி தட்டிக் காயில் ஓட ஆரம்பித்துவிடும், யாரும் எடுக்கப் போகாத வெந்நீரை அடுத்த 24 மணி நேரத்துக்குச் சேமிக்கும். அதனால் குளியல் தொடங்கும்போதே ஆஃப் ஆக வேண்டும். அணைத்துவிட்டால் வெந்நீர் வராதே என்று பயப்பட வேண்டாம், அடியில் பச்சைத் தண்ணீர் வந்து மேலே இருக்கும் சூட்டைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதிகம் கலக்காது. தொட்டியின் கொள்ளளவு வீட்டுக்குப் போதவில்லை, நாலாவது ஆளுக்கு ஆறிவிடுகிறது என்றால் மட்டும் ஆஃப் நேரத்தை அரை மணி நேரம் தள்ளிப் பாருங்கள். ஒரு வாரம் முன்னே பின்னே மாற்றிப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு ஏற்ற நேரம் பிடிபட்டுவிடும். குளியலுக்கு 40 டிகிரி தண்ணீர் போதும், 60 டிகிரி வெந்நீர் 100 லிட்டரோடு 25 டிகிரி பச்சைத் தண்ணீரைக் கலந்தால் 230 லிட்டர் கிடைக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தொட்டிகள் நாம் நினைப்பதைவிட நிறையவே கொடுக்கும்.

காலையும் சாயங்காலமும் குளிக்கிற வீட்டில் மிச்சம் குறையும். தொட்டியில் பாதி மட்டும் தீர்கிற வீட்டிலும் குறையும், மீதி வெந்நீர் மேலே நின்று கசிந்துகொண்டுதான் இருக்கும். நேரங்கெட்ட நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் குளிக்கிற வீடு என்றால் டைமரை விட்டுவிட்டு, தொட்டிக்கு ஒரு இன்சுலேஷன் சட்டையும், அதிலிருந்து வெளியே வரும் குழாயின் முதல் ஒன்றிரண்டு மீட்டருக்கு ஃபோம் உறையும் போடுவது நல்லது. தெர்மோஸ்டாட்டும் ஒயர் மூடியும் இருக்கும் பக்கத்தை மட்டும் சட்டையால் மூடக் கூடாது.

சின்னத் தொட்டி, 15 லிட்டர், 25 லிட்டர் என்றால் என் யோசனையே வேறு. 15 லிட்டரை 35 டிகிரி ஏற்ற 0.6 யூனிட்தான், 2 கிலோவாட் காயில் 18 நிமிடத்தில் முடித்துவிடும். ஆனால் சின்னத் தொட்டிக்கு உள்ளே இருக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் மேல்பரப்பு அதிகம், அதனால் பெரிய தொட்டியைவிட வேகமாக ஆறும். நாள் முழுக்க ஆனில் கிடந்தால் ஒரு முழுத் தொட்டியைச் சூடாக்குகிற மின்சாரம் சும்மாவே போய்விடலாம். இருபது நிமிடத்தில் தயாராகிவிடும் ஒன்றுக்குக் கடிகாரம் வைத்த டைமர் தேவையில்லை. பொத்தானை அழுத்தினால் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஓடித் தானே நின்றுபோகும் கவுன்ட்டவுன் டைமர்தான் இதற்குச் சரி. இந்த ஹீட்டர்களில் வீணாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி "அய்யோ, அணைக்க மறந்துட்டேனே" என்ற ஒரே காரணத்தால் போவது, அந்த மறதியை மட்டும் இந்தப் பொத்தான் பார்த்துக்கொண்டால் போதும்.

இதுவரை பேசியது எத்தனை யூனிட் என்பதைப் பற்றி. எந்த நேரத்து யூனிட் என்பது தனிக் கதை, உண்மையில் ஹீட்டரையும் டைமரையும் முதலில் சேர்த்து வைத்தது அந்தக் கதைதான். மின் நிலையங்களை, குறிப்பாக நிலக்கரியிலும் அணுசக்தியிலும் ஓடும் பெரிய நிலையங்களை, ராத்திரி ஊர் தூங்கியதும் நிறுத்திக் காலையில் மறுபடி ஓட்டுவது கஷ்டம். ராத்திரி யாராவது மின்சாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். வீடுகளில் மின்சாரத்தை ராத்திரி வாங்கிக் காலைவரை பத்திரமாக வைத்திருக்கக்கூடிய சாமான் ஒன்று ஏற்கனவே இருந்தது. வெந்நீர்த் தொட்டிதான் அது. பிரிட்டனில் 1978-இல் 'எக்கானமி 7' என்ற கட்டணம் வந்தது, ராத்திரியில் ஏழு மணி நேரத்துக்கு மலிவு. 1980-களில் அங்கே பிபிசியின் நெடுஅலை வானொலி ஒலிபரப்புக்குள்ளேயே காதுக்குக் கேட்காத ஒரு சமிக்ஞையைச் சேர்த்து அனுப்பி, வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த பெட்டிகளை ஆன், ஆஃப் செய்தார்கள். பிரான்சில் மின்கம்பியிலேயே 175 ஹெர்ட்ஸ் சமிக்ஞையை ஏற்றி அனுப்பினார்கள், அது வந்ததும் மலிவு நேரம் தொடங்கிவிட்டது என்று ஹீட்டரின் கான்டாக்டர், அதாவது பெரிய கரண்டைத் தாங்கும் மின்காந்த ஸ்விட்ச், தானே ஆன் ஆகிவிடும். நியூசிலாந்திலும் பல பத்தாண்டுகளாக இதே உத்தி. டைமர் என்பது இந்த ஏற்பாட்டை வீட்டுக்காரரே தன் கையில் எடுத்துக்கொள்வதுதான்.

உங்கள் மீட்டரில் நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறுகிறது என்றால், மேலே சொன்ன 4 யூனிட்டையும் டைமரால் தொட முடியாது என்றேனே, அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். அளவு குறையாது, ஆனால் மலிவான நேரத்துக்கு நகர்த்தலாம். சில வீடுகளில் கசிவை மிச்சப்படுத்துவதைவிட இதில்தான் அதிகம் தேறும். கூரையில் சோலார் இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்: ராத்திரிக்குப் பதில் நடுப்பகலில் சூடாக்க வேண்டும். மதியம் 2 மணிக்கு 60 டிகிரியில் அணைத்த நமது தொட்டி மறுநாள் காலை 6 மணிக்கு 53 டிகிரியில் இருக்கும், குளிக்கத் தாராளமாகப் போதும். இடையில் 0.8 யூனிட் கசிந்துவிடும்தான். வெயில் கொடுத்த மின்சாரம், போகட்டும். கசிவுக்கு எதிராக இவ்வளவு நேரம் பேசிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று தோன்றலாம், ஆனால் எந்த யூனிட் உங்களுக்கு விலை அதிகம் என்பதைப் பொறுத்துத்தான் நேரத்தை வைக்க வேண்டும். கட்டணம் நாள் முழுக்க ஒன்றாக இருந்தால் குளியலுக்குச் சற்று முன்னால் சூடாக்குங்கள், மாறுகிறது என்றால் மலிவு நேரத்தின் கடைசிப் பகுதியில் சூடாக்குங்கள்.

ஒரு சின்ன வேண்டுகோள். ஆன் நேரத்தைச் சரியாக 5:00 என்று வைக்காமல் 4:47, 5:13 என்று ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவே ஐந்து மணிக்கு ஒரே நொடியில் இரண்டு இரண்டு கிலோவாட்டாக இழுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் திணறும். நீண்ட மின்தடைக்குப் பிறகு கரண்ட் வந்ததும் மறுபடி போய்விடுவதற்கு ஒரு காரணமே இதுதான், ஆறிப்போன தொட்டிகள் எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்கின்றன.

இனி, மாட்டுகிற விஷயம். வீட்டில் இருக்கும் சாமான்களிலேயே அதிகக் கரண்டை அதிக நேரம் தொடர்ந்து இழுப்பது ஹீட்டர். 230 வோல்ட்டில் 2 கிலோவாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். ஒரு மின்கெட்டிலும் இதே அளவு இழுக்கும், ஆனால் மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். ஹீட்டர் இரண்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். என் வீட்டில் முதலில் போட்டது சாக்கெட்டில் செருகும் ரகம், மேலே 16 ஆம்பியர் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது, ஹீட்டர் 3 கிலோவாட், 13 ஆம்பியர்தானே என்று நிம்மதியாக இருந்தேன். சில மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் கெட்டுப்போன மீன் வாசம் மாதிரி ஒன்று அடித்தது. எலி செத்திருக்கிறதோ என்று எல்லா மூலையையும் தேடிவிட்டு, கடைசியில் மெயினை அணைத்துப் பிளக்கை உருவிப் பார்த்தால், மூன்று பின்னில் ஒன்று மட்டும் நீலம் பாய்ந்து மங்கியிருந்தது, டைமரின் வெள்ளை உடம்பு அந்த ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் டீக்கறை படிந்தது மாதிரி பழுத்திருந்தது. சூடேறிய பிளக், சாக்கெட் பிளாஸ்டிக்குகள் சிலவற்றுக்கு அந்த மீன் வாசம் உண்டு. அந்த வாசம் வந்தால் அன்றைக்கே பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

பின்னும் சாக்கெட்டும் கொஞ்சம் தளர்வாகத் தொட்டுக்கொண்டிருந்தது, அதுதான் காரணம். தொடும் இடத்தில் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும். 13 ஆம்பியர் அதன் வழியாகப் போகும்போது அங்கே மட்டும் 17 வாட் சூடு பிறக்கும், ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு. அதை ஒரு விரல்நுனி அகலப் பித்தளைத் துண்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் என்ன ஆகும்? கரண்ட் பாதியானால் இந்தச் சூடு கால்வாசியாகும். அதனால்தான் அதே டைமர் மேசை விளக்குக்கு இருபது வருஷம் உழைக்கும், ஹீட்டருக்கு ஒரு வருஷம்கூடத் தாங்காது. டைமரில் எழுதியிருக்கும் ஆம்பியரில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் இருப்பது நல்ல பழக்கம்.

2 கிலோவாட்டுக்கு மேல் போனால் செருகும் ரகத்தையே நான் சொல்ல மாட்டேன். வீட்டு லைன்கள் பிரியும் டிஸ்ட்ரிபியூஷன் போர்டுக்குள், எம்சிபி (லைனில் கோளாறு வந்தால் தானே விழும் ஸ்விட்ச்) பக்கத்தில் உட்காரும் டைமரும், அதற்குத் துணையாக ஒரு கான்டாக்டரும் போட்டுவிடுவதுதான் நீண்ட நாளுக்கு நிம்மதி. டைமர் கான்டாக்டரின் சின்னக் காயிலுக்கு மட்டும் துளிக் கரண்ட் கொடுக்கும், ஹீட்டரின் முழுச் சுமையையும் அதற்கென்றே செய்த கனமான முனைகள் தாங்கும். முனைகள் தேய்ந்தால் கான்டாக்டரை மட்டும் மாற்றலாம், டைமர் அப்படியே இருக்கும். இதை ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். செய்து முடித்த பிறகு, ஹீட்டர் ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓடியபின் போர்டின் மூடிமேல் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கையை எடுக்க வைக்கிற சூடு இருந்தால் எங்கோ ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

டைமர் வகைகளில் வட்ட முகத்தில் குட்டி குட்டிப் பற்கள் உள்ள பழைய ரகம் எனக்குப் பிடிக்கும், எந்தப் பல் உள்ளே, எந்தப் பல் வெளியே என்று பார்த்தாலே புரிந்துவிடும், ஒரு பல்லுக்கு 15 நிமிடம் என்றால் சுற்றிலும் 96 பற்கள் இருக்கும். ஆனால் அதற்குள் ஓடுவது மின்கம்பியின் ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, எண்ணிச் சுற்றும் மோட்டார். கரண்ட் நாற்பது நிமிடம் போனால் கடிகாரமும் நாற்பது நிமிடம் பின்தங்கிவிடும், அது சேர்ந்துகொண்டே போகும், ஒரு மாதம் கழித்து வெந்நீர் மத்தியானம் தயாராகும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை 50 ஹெர்ட்ஸ் லைனில் மாட்டினால் அதன் ஒரு நாள் 28.8 மணி நேரம் ஓடும். கரண்ட் அடிக்கடி போகும் இடமானால் உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். வைஃபை ஸ்விட்ச் வாங்குவதானால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: அட்டவணை அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கிறதா, இல்லை இன்டர்நெட் போனால் மறந்துவிடுமா; கரண்ட் போய் வந்தால் ஆனாகுமா, ஆஃபாகுமா, முன்பு இருந்த நிலைக்குப் போகுமா; எத்தனை யூனிட் போனது என்று காட்டுமா. மூன்றாவதற்காகவே கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கலாம்.

எல்லா ஹீட்டருக்கும் டைமர் ஒத்துவராது. தொட்டியே இல்லாமல் ஓடும் தண்ணீரை அந்த நேரத்தில் சூடாக்கும் ரகத்துக்கு அது தேவையே இல்லை. வாளியில் தொங்கவிடும் ராடுக்குத் தயவுசெய்து டைமர் போடாதீர்கள். அதில் தெர்மோஸ்டாட் கிடையாது, யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் தானாக ஆன் ஆவதைவிட ஆபத்தானது அதற்கு வேறில்லை. வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் ரகத்தில் ஃப்ரிட்ஜில் இருப்பது போன்ற கம்ப்ரசர் இருக்கிறது, வெளியிலிருந்து லைனைப் பிடுங்குவதைவிட அதற்குள்ளேயே இருக்கும் நேர அமைப்பைப் பயன்படுத்த வேண்டும். தொடுபொத்தானும் திரையும் உள்ள ஹீட்டராக இருந்தால் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள்: சூடாகிக்கொண்டிருக்கும்போது மெயினை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். தானே பழைய நிலைக்கு வந்து சூடாக்கத் தொடங்கினால் டைமர் வேலை செய்யும், யாராவது பொத்தானை அழுத்தட்டும் என்று காத்திருந்தால் செய்யாது. இன்னொன்று பலருக்கும் தெரியாதது: சில தொட்டிகளில் துருப்பிடிக்காமல் காக்கும் ஆனோட், மெக்னீசியம் கம்பியாக இல்லாமல் சின்னக் கரண்டில் இயங்கும் டைட்டானியம் ரகமாக இருக்கும். அதற்கு 24 மணி நேரமும் கரண்ட் வேண்டும். டைமரில் அதையும் சேர்த்து அணைத்தால் ஒவ்வொரு நாளும் இருபது மணி நேரம் தொட்டி காவலில்லாமல் கிடக்கும். அந்த ரகம் என்றால் ஆனோடுக்குத் தனி லைன் போக வேண்டும்.

அப்புறம், உடல்நலம் சம்பந்தப்பட்ட ஒன்று. வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்த முன்னாள் படைவீரர்களுக்குக் காரணம் தெரியாத நிமோனியா வந்து பலர் இறந்தபோது தேடத் தொடங்கி, அடுத்த ஆண்டு கண்டுபிடித்த கிருமி அது. குடிப்பதைவிட, ஷவரில் சிதறும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதில்தான் ஆபத்து. 20-லிருந்து 45 டிகிரிவரை அது செழிக்கும், 50-க்கு மேல் வளராது, 60 டிகிரியில் சில நிமிடங்களில் செத்துவிடும். டைமரில் இரண்டு வகையில் தப்பு நடக்கலாம். மிச்சம் பிடிக்கிறோம் என்று தெர்மோஸ்டாட்டை 45-க்கு இறக்கிவிடுவது ஒன்று. ஆன் நேரத்தைச் சுருக்கிச் சுருக்கித் தொட்டி முழுதாகச் சூடாவதற்குள் அணைத்துவிடுவது இன்னொன்று. மேலே 50 இருக்கும், அடியில் 35 இருக்கும், கிருமிக்கு அதுதான் வசதி. தெர்மோஸ்டாட்டை 60-இல் வையுங்கள், ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் தெர்மோஸ்டாட் தானே கட்டாகும்வரை நேரம் கொடுங்கள். டைமர் எப்போது என்று சொல்லட்டும், எவ்வளவு என்று தெர்மோஸ்டாட் சொல்லட்டும், ஒருவர் வேலையை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும், அதனால் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் பச்சைத் தண்ணீரைத் தானே கலந்து கொடுக்கும் மிக்ஸிங் வால்வு போடுங்கள். பல வாரம் ஊருக்குப் போவதானால் டைமரை நம்பாமல் மெயினையே அணையுங்கள், திரும்பி வந்ததும் ஒரு முறை முழுதாக 60-க்கு ஏற்றிவிட்டு அதன் பிறகு ஷவரைத் திறங்கள்.

டைமர் ஆஃப் காட்டுகிறது என்று நம்பி ஹீட்டரின் மூடியைக் கழற்றாதீர்கள். பெரும்பாலான டைமர்கள் ஒரு ஒயரை மட்டுமே துண்டிக்கும், அதுவும் எப்போது மறுபடி போடும் என்று அதற்குத்தான் தெரியும், உங்கள் கை உள்ளே இருக்கும்போது 4:47 ஆகலாம். எம்சிபியை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். குழாய் வேலைக்காகத் தொட்டியைக் காலி செய்யும்போதும் அப்படியே, தண்ணீர் இல்லாத தொட்டியில் டைமர் காயிலைப் போட்டுவிட்டால் அது சில நிமிடங்களில் கருகிவிடும். இன்னொன்று, தினமும் ஒரே நேரத்தில் சேஃப்டி வால்விலிருந்து சொட்டுகிறது என்றால் கவலைப்படாதீர்கள். 100 லிட்டர் தண்ணீர் 25-லிருந்து 60-க்குப் போகும்போது கிட்டத்தட்ட 1.4 லிட்டர் விரியும், போவதற்கு வேறு வழி இல்லையென்றால் வால்வு வழியாகத்தான் வரும். சூடாக்காத நேரத்திலும் சொட்டினால்தான் பார்க்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி அளந்துவிடுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நாளாக இருந்தால் வசதி. தொட்டி நிறைய வெந்நீர் இருக்க, தெர்மோஸ்டாட் கட்டான நேரத்தில் தொடங்கி, வெந்நீர் குழாயைத் திறக்காமல், ஹீட்டரைத் தவிர மற்ற எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு, மீட்டரில் 24 மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்று எழுதி வையுங்கள். ஃப்ரிட்ஜை அணைக்க முடியாது என்றால் ஹீட்டர் லைனில் மட்டும் ஒரு யூனிட் மீட்டரை வைத்து அளக்கலாம். கிடைக்கும் எண்தான் உங்கள் தொட்டியின் முழுக் கசிவு, டைமர் கசிவில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் அந்த எண்ணைத் தாண்ட முடியாது. அரை யூனிட்டுக்குக் கீழே வந்தால், கட்டணமும் நாள் முழுக்க ஒன்றாகவே இருந்தால், டைமர் வாங்க வேண்டாம். ஒன்றரை, இரண்டு என்று வந்தால் முதலில் தொட்டிக்குச் சட்டை போடுங்கள், அதன் பிறகு மறுபடி ஒரு நாள் அளந்து பார்த்துவிட்டு டைமருக்குப் போங்கள்.